இரண்டாம் இன்னிங்ஸில் வந்த காய்ச்சல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலத்தில், உடம்பில் 38.4 பாகை காய்ச்சலை வைத்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஒரே கதிரையில் எழும்பாமல் இருந்தேன். ஆஸ்பத்திரியில் தந்த அட்டை முன்னால் மேசையில் கிடந்தது. 38 பாகையைத் தொட்டால் உடனே அழையுங்கள் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தொலைபேசியும் கையில்தான் இருந்தது. நான் அழைக்கவில்லை. ஏனென்றால் ரொறன்ரோ அணி வென்றுகொண்டிருந்தது.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் குடியிருந்து, விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தமிழனுக்குக் கனடாவின் பேஸ்போல் அணியோடு என்ன உறவு? நியாயமான கேள்வி. என் மனைவி சுகந்தியும் பல வருடங்களாக அதைத்தான் கேட்கிறாள். குற்றவாளி அவளுடைய தம்பி. ஜெயந்தன் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறான். ஒருமுறை அவன் வீட்டு விசேடத்துக்குப் போனபோது என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எங்கள் ஊர் எல்லே விளையாட்டுக்கு விலைகூடிய உடுப்புப் போட்டுவிட்டிருக்கிறார்கள் என்று சிரித்தேன். நாலாம் இன்னிங்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. புற்றுநோய்க்காவது மருந்து இருக்கிறது, இதற்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் கடைசி வரை அனேகமாக ஒவ்வொரு நாளும் விளையாடுவார்கள். அறுபது ஆட்டம் தோற்ற அணியும் முதலிடத்துக்கு வரலாம். ஆகவே முதல் இரண்டு கிழமையை வைத்து எதையும் சொல்வது மடைத்தனம். ஆனால் இரசிகர் எல்லோரும் அந்த இரண்டு கிழமையை வைத்துத்தான் எல்லாம் சொல்வார்கள்.

ஜெயந்தன் ஒவ்வொரு ஏப்ரலிலும் பருவத்தை அடக்கம் செய்துவிடுவான்.

"அத்தான், சீசன் முடிஞ்சுது. எறியிறவங்களுக்குக் கையில்லை, அடிக்கிறவங்களுக்குக் கண்ணில்லை."

"டேய், ஒன்பது ஆட்டம்தான் முடிஞ்சிருக்கு. இன்னும் நூற்றைம்பத்துமூண்டு கிடக்கு."

"கிடந்து? அவ்வளவையும் தோக்கிறதைப் பாக்கவோ?"

அந்த வருடமும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அந்த ஏப்ரலில் எனக்குள்ளேயும் ஒரு பருவம் தொடங்கியிருந்தது.

முதல் அறிகுறி வியர்வை. டிசம்பரில், வெளியே உறைபனி, என் தலையணை நனைந்திருக்கும். நான் ஹீற்றரைத் திட்டினேன். பிறகு எடை குறைந்தது. வேலையிடத்தில் எப்படி என்று கேட்டார்கள். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையடித்தேன். நான் குறைத்தது ஒன்றுமில்லை, அது தானாகக் குறைந்தது. கடைசியில் சவரம் செய்யும்போது கழுத்தோரம் ஒரு நெல்லிக்காய் உருண்டது. அதையும் இரண்டு கிழமை கொலரால் மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

பயொப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தபோது சுகந்தி பக்கத்தில் இருந்தாள். லிம்போமா, அதாவது நிணநீர்த் தொகுதியில் வரும் புற்றுநோய். மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு சுற்று கீமோ என்றார் டொக்டர். அவர் ஐரிஷ் பெண். தேவைக்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். நான் ஒரு பகிடி விட்டேன், என்னவென்று இப்போது நினைவில்லை. இருவரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முதல் சுற்று மார்ச் நடுவில். மருந்து ஏற்றும் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் டொன்னா என்ற அம்மையார் இருந்தார். எழுபது வயதிருக்கும். பொஸ்டனில் பிறந்து, ஒரு ஆங்கிலேயரைக் கட்டி லண்டனுக்கு வந்தவர். காலில் பொஸ்டன் அணியின் காலுறை. என் தலையில் ரொறன்ரோத் தொப்பி, முடி கொட்டப்போகிறதே என்று முன்கூட்டியே போட்டிருந்தேன். இரண்டும் ஒரே பிரிவில் மோதும் அணிகள். அவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டுத் தாதியிடம், "இவரை வேறு பக்கம் மாற்ற முடியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நண்பர்களானோம்.

இரண்டாம் சுற்றில், பருவம் தொடங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. புள்ளி அட்டவணையில் பொஸ்டன் எங்களுக்கு மேலே நின்றது. அதைச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எனக்கு அட்டவணை வேண்டாம். இன்றைக்கு யார் பந்தெறிகிறார் என்று மட்டும் சொல்லுங்கள்."

அவருடைய சிகிச்சை நோயைக் குணமாக்குவதற்கானதல்ல, பிடித்து வைத்திருப்பதற்கானது. அதைப் பிறகுதான் சொன்னார், காலநிலையைச் சொல்வதுபோல. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அன்று எறிபவரின் பெயரைத் தொலைபேசியில் தேடிச் சொன்னேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவில் மத்தியான ஆட்டம், எங்களுக்கு மாலை ஆறு மணி. சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். வர ஒன்பதரையாகும். தொலைபேசியில் ஜெயந்தன். இரண்டாம் இன்னிங்ஸில் எங்கள் பக்கம் நான்கு ஓட்டம், மற்றப் பக்கம் பூச்சியம். அப்போதுதான் எனக்கு முதுகில் குளிர் ஓடியது. வெப்பமானியை வைத்தேன். 38.4.

இங்கே இரசிகரின் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். அணி வென்றுகொண்டிருக்கும்போது யாரும் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. தேநீர்க் கோப்பையைக்கூட மாற்றி வைக்கக்கூடாது. ஜெயந்தன் இதில் மிகவும் கண்டிப்பானவன்.

"அத்தான், எங்கை இருக்கிறியள்?"

"சன்னல் கதிரையிலை."

"எழும்பாதேங்கோ! அதிலையே இருங்கோ! ஒரு கிழமைக்குப் பிறகு இண்டைக்குத்தான் அடிக்கிறாங்கள்."

அவனுக்குக் காய்ச்சல் பற்றித் தெரியாது. நான் சொல்லவில்லை. ஐந்தாம் இன்னிங்ஸில் பல் கிட்டியது. போர்வையை இழுத்துக்கொண்டேன், இருந்தபடியே. ஜெயந்தனை இடையில் நிறுத்திவைத்து, சுகந்தியின் அழைப்பை எடுத்தேன்.

"காய்ச்சல் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான். நோர்மல்."

ஒன்பதாம் இன்னிங்ஸில் மற்ற அணி சமப்படுத்தியது. சமன் என்றால் மேலதிக இன்னிங்ஸ். இவ்வளவு நேரம் இருந்துவிட்டு இப்போது எழும்புவதா என்று அதையும் பார்த்தேன். பத்தாவதில் தோற்றார்கள். நான் எழும்பினேன். சன்னல் சாய்ந்தது, நிலம் மேலே வந்தது. சுகந்தி கதவைத் திறந்தபோது நான் தரையில் போர்வையோடு கிடந்தேன். தொலைபேசியில் ஜெயந்தன் இன்னும் பந்தெறிந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டொக்டர் ஒருவர் கேட்டார்: "காய்ச்சல் எப்போது தொடங்கியது? சரியான நேரம் வேண்டும்."

"எட்டு மணிபோல," என்றேன்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இருபத்தாறு வருடமாக எந்தப் பொய்யும் நின்றதில்லை.

"இரண்டாம் இன்னிங்ஸில்," என்றேன்.

டொக்டருக்கு விளங்கவில்லை. சுகந்திதான் விளங்கப்படுத்தினாள். "ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கினது. இரண்டாம் இன்னிங்ஸ் எண்டால் ஆறரை," என்று தனக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னாள்: "மூன்றரை மணித்தியாலத்துக்கு முன்."

இந்த விளையாட்டு அவளுக்குத் தெரியாது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகளையே தாக்கும் நிலை). என் நியூட்ரோபில் (கிருமியோடு சண்டைபிடிக்கும் வெள்ளை அணு) கிட்டத்தட்டப் பூச்சியத்தில் நின்றது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாளும் என் இரத்த அழுத்தம் எழும்பவில்லை. அந்த இரண்டு நாளும் சுகந்தி கட்டிலருகே இருந்தாள். மூன்றாம் நாள் பேசினாள்.

"நோயாலை நீங்கள் போனால் நான் தாங்குவன். ஒரு விளையாட்டுக்காகப் போனால் சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

பகிடி ஒன்று வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினேன்.

இதே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு: இந்தப் பந்தியை மட்டும் வெட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். மீதிக் கட்டுரையை எறிந்தாலும் பரவாயில்லை. கீமோ எடுக்கும் காலத்தில் காய்ச்சல் என்பது காய்ச்சல் அல்ல, அவசரம். பரசிற்றமோல் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். தந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு எழும்புங்கள்.

ஜெயந்தன் அதன்பிறகு ஸ்கோர் அனுப்புவதை நிறுத்திவிட்டான். நானே அழைத்தேன்.

"என்னாலைதானே அத்தான். நான்தானே எழும்பவேண்டாம் எண்டனான்."

"நீ சொல்லியோ நான் இருந்தனான்? அது என்ரை விசர். சரி, நேற்று என்ன மாதிரி?"

 அவன் மெதுவாக, "தோத்திட்டாங்கள்," என்றான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மூன்றாம் சுற்று ஒரு கிழமை பிந்தியது. அது முடிந்து மே கடைசியில் பெட் ஸ்கேன் (இனிப்புக் கலந்த கதிரியக்க மருந்தை ஏற்றி, நோய் உயிர்ப்போடு இருக்கும் இடத்தைப் படமெடுப்பது). ஐரிஷ் டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கழுத்தில் இருந்த வெளிச்சம் மங்கியிருந்தது.

"நன்றாகத்தான் போகிறது. ஆனால் இன்னும் ஆரம்பம்," என்றார்.

ஜெயந்தனுக்கு எத்தனை ஏப்ரலில் இதையே நான் சொல்லியிருப்பேன்! சொல்வது எவ்வளவு இலேசு என்றும், கேட்டுக்கொண்டு கதிரையில் இருப்பவனுக்கு அது எவ்வளவு பாரம் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் பருவத்தை முன்கூட்டியே அடக்கம் செய்வது பொறுமையின்மையால் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலே அழுதுவிட்டால் பிறகு அழத் தேவையில்லை என்ற எண்ணம் அது. என் வீட்டிலும் ஒருத்தி அதையே வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தாள். சுகந்தி அடுத்த ஸ்கேனுக்கு அப்பால் எதையும் திட்டமிட மறுத்தாள். ஜெயந்தன் செப்டெம்பரில் வரச்சொன்னால், "அதைப் பிறகு பாப்பம்." புதுக் கம்பளம் வாங்குவமா என்றால், "பிறகு." எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று கிழமைக்கு மேல் நாள் இருக்கவில்லை.

ஐந்தாம் சுற்றில் பக்கத்துக் கதிரையில் வேறொருவர் இருந்தார். டொன்னாவின் நாள் மாறியிருக்கலாம். தாதியிடம் கேட்டேன். பிற நோயாளிகளைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தை நான் வாங்கியிருக்கவில்லை. மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம், அது தோன்றவில்லை. இன்றைக்கும் பொஸ்டன் பக்கம் யார் எறிகிறார் என்று பார்த்துக்கொள்கிறேன். யாரிடம் சொல்வதென்று தெரியாது.

ஜூலையில் சிகிச்சை முடிந்து, ஓகஸ்டில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். முழு ரெமிஷன் (ஸ்கேனில் நோயின் தடயம் தெரியாத நிலை). நோய் முற்றாகக் குணமாகிவிட்டது என்று எழுதித் தாருங்கள் என்று டொக்டரைக் கேட்டேன். முதல் இரண்டு வருடத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்றார். எழுதித் தரவில்லை.

அதற்குப் பிறகு இது முதல் ஏப்ரல். முடி முளைத்திருக்கிறது, முன்னைவிடச் சுருளாக, யாரோ ஒருவருடையதைக் கடன் வாங்கியதுபோல. கால்விரல்கள் மருந்தினால் மரத்துப்போய்விட்டன. செருப்புக் கழன்றாலும் நாலு அடி போனபிறகுதான் தெரியும். குளித்தபின் கழுத்தைத் தடவும் கையை நிறுத்த முடியவில்லை. முன்பு உடம்பு என்பது என்னைச் சுமந்து திரியும் வாகனம். இப்போது அது கூட வசிக்கும் ஒரு ஆள். அதன் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் பேசவேண்டியிருக்கிறது. காலமும் அப்படியே. மூன்று மாதத் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு முடிகிறபோது அடுத்ததை யாரோ கதவடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ரொறன்ரோ முதல் எட்டில் ஐந்து தோற்றிருக்கிறது. ஜெயந்தன் வழக்கம்போல அடக்கம் செய்துவிட்டான். நானோ, செப்டெம்பரில் கடைசிக் கிழமை ஆட்டங்களை அவனோடு மைதானத்தில் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். சனிக்கிழமை காலை விமான டிக்கெட் பார்த்தேன். இரண்டு வகை இருந்தது. ஒன்றில் நாளை மாற்றலாம். மற்றதை எடுத்தால் எடுத்ததுதான், மாற்றவும் முடியாது, காசும் திரும்பி வராது. எனக்கு ஓகஸ்டில் ஒரு ஸ்கேன் இருக்கிறது.

சுகந்தி வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். 'பிறகு பாப்பம்' என்பாள் என்று தெரிந்தே கேட்டேன்.

"ஓகஸ்ட் ஸ்கேன் என்ன சொல்லுதோ தெரியாது. அவங்களும் அதுக்குள்ளை தோத்துத் துலைஞ்சிடுவாங்கள் போல. நான் வேறை நடுவழியிலை விழுந்து உமக்குக் கரைச்சல் தரக்கூடிய ஆள். நாளை மாத்தக்கூடிய டிக்கெட்டாய்ப் போடுவமே?"

அவள் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டி, பையைத் தோளில் போட்டு, கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"மாத்தேலாததைப் போடுங்கோ."