பத்து மூட்டை பிடித்த குட்டைப் பெட்டி

மில்லர்புரத்தில் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பட்டறையைக் கான்கிரீட் கட்டடமாக்கியது நான். துறைமுகத்தில் உடைத்துப்போட்ட பலகைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, முதலில் சவப்பெட்டியும் பிறகு மீன் பெட்டியும் அடித்தது நான். மூன்று ரம்பம், பதினோரு ஆள், என் வீடு, தங்கச்சி வீடு, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தவை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ஒரு பெட்டியைப் பார்த்தால் போதும், எவ்வளவு கொள்ளும் என்று சொல்லிவிடுவேன். இந்தக் கரையில் வேறு எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

அதனால்தான் அந்த விளம்பரப் பலகையைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி, நான் செய்த ஐஸ் பெட்டியின் படத்தை ஒரு பலகையில் போட்டு வாசலில் மாட்டி, கீழே 'எங்கள் மேலாளரின் வடிவமைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறது.

அந்த மேலாளர் என்னிடம் கேட்ட பெட்டி என்ன தெரியுமா? கடலுக்குப் போகும் வல்லங்களில் வைக்க, மூன்றடி உயரம், இரண்டடி நீளம், இரண்டடி அகலம். அதைச் செய்து, பக்கத்திலேயே என் யோசனைக்கு இன்னொன்றும் செய்தேன். உயரம் ஒன்றரை அடிதான். நீளம் நாலடி, அகலம் இரண்டரை. எல்லாம் உள்ளளவு.

அவர் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, பாதி உயரம்தான் இருக்கு. பாதி மீன்தானே பிடிக்கும்?"

நான் உப்பு மூட்டைகளை இறக்கச் சொன்னேன். நெட்டைப் பெட்டி எட்டு மூட்டையில் நிறைந்தது. அதே உப்பை அள்ளிக் குட்டையில் கொட்டினோம். விளிம்புக்கு ஐந்து விரல் இடம் மிச்சம். இன்னும் இரண்டு மூட்டை கேட்டு வாங்கிக்கொண்டது.

அத்தோடு முடிந்ததா? வல்லக்காரர்கள் தொடவே மாட்டோம் என்றுவிட்டார்கள். ஒருவர் பெட்டியைச் சுற்றி வந்து கேட்டார்: "அண்ணாச்சி, இதுல மீன அள்ளிட்டு வரணுமா, இல்ல என்னய அள்ளிட்டு வரணுமா?"

பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "பழைய தொழில விடலல்லா, அதான்."

நீளமாய், தாழ்வாய், ஒரே மூடியோடு இருந்ததால் சவப்பெட்டி போலத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எவன் கடலுக்குப் போவான்? மேலாளர் கையைப் பிசைந்தார். நான் ரம்பத்தை எடுத்து மூடியைக் குறுக்கே இரண்டாக அறுத்தேன். பாதிப் பாதியாய்த் திறக்கிற மாதிரி கீல் வைத்து, நீலப் பெயிண்ட் அடித்தேன். மறுவாரம் அதே வல்லக்காரர் வந்து வாங்கிப்போனார். கடலுக்குப் போய்த் திரும்பியதும், ஒரு பக்க மூடியை மட்டும் திறந்தால் மறுபக்க ஐஸ் மூடியே கிடக்கிறது, சீக்கிரம் கரைவதில்லை என்றார். உயரம் குறைவு என்பதால் அடி மீனும் நசுங்கவில்லை.

போன வாரம் மேலாளரிடமே நேரில் கேட்டேன். "நீளம், அகலம், உயரம் பெருக்கி ரிப்போர்ட் எழுதுனது நான்தானே அண்ணாச்சி?" என்றார்.

"நான் உப்பக் கொட்டுன பொறவுதானய்யா நீரு பெருக்குனீரு" என்றேன். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாழ்ந்த உயரம் என்னுடையது. கூடுதலாய்க் கொண்ட இரண்டு மூட்டை இடம் என்னுடையது. அறுத்த மூடியும் என்னுடையது. அந்தப் பலகையில் இருக்கிற வரியை அழித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுத வேண்டும். வாசலில் போகிறவன் வண்டியில் இருந்தபடியே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுத வேண்டும்.