டோக்கன் அக்காவின் நாற்பது பக்க நோட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் டோக்கன் அக்காவை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். சீட்டு கொடுக்கும் ஜன்னலில் பதினோரு வருடம். பக்கத்து மருந்துக் கவுண்டரில் நான். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் எனக்கும் அவள் அக்கா.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி அந்த ஜன்னலில் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டது. கூட வந்த கையேடு நான்கு பக்கம். முதல் மூன்றில் வாழ்த்து. நான்காவதில், "கோளாறு ஏற்பட்டால் உங்கள் சிஸ்டம் பொறுப்பாளரை அணுகவும்." அது யாரென்று அக்கா மாடிக்கு மாடி ஏறி விசாரித்தாள். கடைசியில் பார்த்தால் படிவத்தில் அவள் பேரையே போட்டிருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைப் போல ஒரு புளுகனை நான் பார்த்ததில்லை. "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் காட்டும். திறந்து பார்த்தால் ஒரு மண்ணும் இருக்காது. கம்பெனிக்காரர் வருவார், அணைத்துப் போடுவார், "இப்ப சரியாயிடுச்சு மேடம்" என்பார். அவர் பைக் தெருமுனை தாண்டுவதற்குள் திரை நீலமாகிவிடும். வரிசையில் நிற்பவர்கள் கம்ப்யூட்டரையா திட்டுவார்கள்? அக்காவைத்தான். பல நாள் என் கவுண்டருக்குள் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒருநாள் நோட்டு ஒன்று வாங்கினாள். தான் லீவு போட்டால் அங்கே உட்காருகிறவளுக்காக எழுதத் தொடங்கினாள். "முதலில் பிரிண்டரைப் போடு, அப்புறம் கம்ப்யூட்டரை. மாற்றிப் போட்டால் முறைத்துக்கொள்ளும்." "ஒரு நிமிடம் என்று காட்டினால் டீ குடித்துவிட்டு வா." இப்படி நாற்பது பக்கம். கம்பெனிக்காரர் "சும்மா பாக்கறதுக்கு" என்று அத்தனையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் புது நிர்வாகி வந்தார். வந்ததும் வராததுமாக அக்காவைக் கூப்பிட்டார்.

"கம்பெனிலேருந்து முழுக் கையேடு வருது. அத வச்சு யார் வேணா உக்காரலாம். நீங்க கீழ பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க."

"சார், எனக்கு வீசிங் இருக்கு. அந்தத் தூசி எனக்கு ஆகாது."

"மாஸ்க் போட்டுக்கங்க."

இவருக்கு நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் நாள் ஒன்று வராதா என்றிருந்தது எனக்கு.

பளபளவென்று அட்டை போட்டுக் கையேடு வந்தது. யாரும் செய்யலாம் என்று காட்ட, மறுநாள் நிர்வாகியே ஜன்னலில் உட்கார்ந்தார். மதியம் ஒன்று பத்துக்குத் திரை நீலம். வரிசை கத்தியது. மனிதர் வேர்க்க விறுவிறுக்கப் பக்கம் புரட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். "மாற்றிப் போட்டால் முறைத்துக்கொள்ளும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது! அக்காவின் நோட்டை ஒருத்தரும் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அச்சடித்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"எதற்கும் மசியாவிட்டால் டோக்கன் அக்காவைக் கூப்பிடு. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்."

அவர் சாப்பாட்டு அறைக்கு ஓடினார். விடுவேனா, நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், கொஞ்சம் வரீங்களா?"

அக்கா டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கையேட்டுல என்ன போட்டிருக்கு சார்?"

"சாப்பாட்டு நேரத்துல வேணாம்னு..."

"எங்க வரணும்? ஃபைல் ரூமுக்கா, ஜன்னலுக்கா?"

"ஜன்னலுக்குத்தான்."

"இன்னைக்கு மட்டுமா?"

நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்ல மேடம். இனிமே எப்பவும்."

அக்கா டப்பாவை மூடினாள்.