கூடாரத்துக்குள் தொட்டில் கட்டிய கதை

"எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு கேமரன் மலையில் கூடாரம் போட்டுத் தங்கலாமா, இல்லை அது பைத்தியக்காரத்தனமா அக்கா?" என்று போன பதிவின் கீழே ஒரு தங்கை கேட்டிருந்தார். இரண்டும்தான் அம்மா. தாராளமாகத் தங்கலாம். கொஞ்சம் பைத்தியக்காரத்தனமும் வேண்டும். நாங்கள் அப்படிப் போனது 1982-இல், ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில். அன்றைய பஸ் கட்டணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் மலையின் மழை மாறவில்லை, தூக்கம் வந்த குழந்தையின் அழுகையும் மாறவில்லை. அதனால் படித்து வையுங்கள், உதவும்.

அப்போது நாங்கள் மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மகன் ரவிக்கு மூன்று வயது, மகள் கலாவுக்கு ஒன்பது மாதம். கலா பிறந்ததிலிருந்து நான் வாசலைத் தாண்டியது கிளினிக்குக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும்தான். துணி துவைப்பதும் காயப்போடுவதும் மடிப்பதுமாக நாள் போயிற்று. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நானே ஏதாவது பஸ்ஸில் ஏறிப் போய்விடுவேன்" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் பயந்துவிட்டார். மறுவாரமே சாரணர் ஆசிரியர் ஒருவரிடமிருந்து பழைய பச்சைக் கித்தான் கூடாரம் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். நான் கேட்டது ஊர். அவர் கொண்டுவந்தது துணி. சரி, அதாவது கிடைத்ததே என்று இருந்தேன்.

வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. "பச்சப் புள்ளயக் கொண்டுபோயி குளிர்ல போடப் போறாளாம். ஒத்த ராத்திரி தாங்க மாட்டா, அன்னிக்கே எறங்கி வந்துருவா, பாரு" என்றார் என் மாமியார். சொன்னது என்னிடம் இல்லை, அடுப்பிடம். ஆனால் எனக்குக் கேட்டது. அவர் சொன்னபடி அன்றைக்கே இறங்கி வந்தால், கலா பள்ளிக்கூடம் போகும்வரை எனக்கு வெளியூர் என்ற பேச்சே இருக்காது. ஆகவே ஒரே ஒரு ராத்திரியாவது தங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பஸ் ஏறினோம். தாப்பாவில் இறங்கி, மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு மாறினோம். ரிங்லெட் வரைக்கும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், கட்டணம் ஆளுக்கு மூன்று வெள்ளிக்கும் குறைவுதான். தூரம் கொஞ்சம், வளைவு ஏராளம். ரவி மூன்று முறை வாந்தி எடுத்தான், மூன்றும் என் மடியில். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்காமல் பஸ் ஏற்றுங்கள், தாப்பாவில் ஒரு பிஸ்கட் போதும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ரிங்லெட்டிலிருந்து நாங்கள் தங்கப்போகிற தேயிலைத் தோட்டத்துக்கு உள்ளே மூன்று கிலோமீட்டர். முட்டைகோஸ் இறக்கிவிட்டுத் திரும்பிய லோரி ஒன்று நின்றது. ஓட்டிவந்த அண்ணன் எங்கள் மூட்டைகளை ஒரு முறை பார்த்தார், குழந்தைகளை ஒரு முறை பார்த்தார்.

"எங்க போறீங்க சிஸ்டர், இம்புட்டுச் சாமானோட?"

"தோட்டத்துல டெண்டு போட்டுத் தங்கப் போறோம்ணே."

"ஏன், வீடு இல்லையாலா உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் காசு வாங்கவில்லை. இறங்கும்போது ரவியின் கையில் ஒரு முட்டைகோஸைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய சாமான் எங்களிடம் கூடாரம் ஒன்றுதான்.

தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், என் வீட்டுக்காரரோடு படித்தவர். தோட்டத்து மானேஜர் துரையிடம் அனுமதி வாங்கி வைத்துவிட்டு, அவர் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்த இடம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஒரு புல்தரை. சுற்றிலும் தேயிலை, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. பக்கத்தில் குழாய்த் தண்ணீர். கொஞ்சம் மேலே தகரக் கூரை போட்ட ஆயாக்கொட்டகை. தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கூடாரம் நின்றது. கடற்கரையில் விட்டது போல ரவி உருண்டு புரண்டான். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் எனக்கு ஒன்பது மாதக் களைப்பும் இறங்கிய மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று மணி வாக்கில் கலாவுக்குத் தூக்கம் வரும்வரைதான். நம் வீட்டுப் பிள்ளைகள் எதில் தூங்கும் என்று உங்களுக்குத் தெரியும். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சாரோங் துணியைத் தொங்கவிட்டு, மேலும் கீழுமாக ஆட்டினால்தான் கண் மூடும். பிறந்ததிலிருந்து கலா தரையில் தூங்கியதே இல்லை. போர்வை, பால் டின், ஃபிளாஸ்க், சூடத்தைலம், இருபத்துநான்கு நாப்கின் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த எங்கள் இருவருக்கும், கூடாரத்தில் உத்தரம் கிடையாது என்பது மட்டும் தோன்றவில்லை. தரையில் போட்டுத் தட்டினேன். தோளில் போட்டு நடந்தேன். ஒரு மணி நேரம் கத்தினாள்.

"இரு, வழி இருக்கிறது" என்றார் வாத்தியார். கூடாரத்தின் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஓடும் குறுக்குக் கம்பில் ஸ்பிரிங்கைக் கட்டினார். ஈப்போவிலிருந்து ஸ்பிரிங்கையும் எடுத்து வந்திருந்தார்! அவரை அப்போது மெச்சிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. கலாவைத் தொட்டிலில் போட்டதும் அழுகை நின்றது. நாலு ஆட்டு ஆட்டினோம். கண் சொருகியது. ஐந்தாவது ஆட்டில் ஈரமண்ணில் அடித்திருந்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ள, கூடாரம் அப்படியே எங்கள் நான்கு பேர் மேலும் உட்கார்ந்தது.

யாருக்கும் அடியில்லை. தொட்டில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. ஆனால் கித்தானுக்குள்ளிருந்து நாங்கள் தவழ்ந்து வெளியே வந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கேமரன் மழை முன்னறிவிப்புக் கொடுக்காது. போர்வை நனைந்தது, நாப்கின் நனைந்தது, மாற்றுடுப்பு எல்லாம் நனைந்தது. கலாவின் கை சில்லென்று ஆகிவிட்டது. ரவி, "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிங்லெட்டில் ஐந்தரைக்குக் கடைசி பஸ். இப்போதே நடந்தால் பிடித்துவிடலாம்.

"போகலாம்" என்றேன். மாமியாரின் அடுப்பங்கரை கண்முன் வந்து நின்றது.

அந்த நேரத்தில் மேட்டிலிருந்து பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை அக்கா. பிள்ளைகளைத் தாய்மார்களிடம் ஒப்படைத்துவிட்டு, கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"ஐயையோ, பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு இந்த மழையில என்னம்மா செய்யிறீங்க? கொண்டாங்க இப்பிடி."

"பஸ்ஸுக்குப் போறோங்கா."

"பஸ்ஸு நாளைக்கும் வரும்லா. மொதல்ல புள்ள தூங்கட்டும். வாங்க."

கலாவை என் கையிலிருந்து வாங்கி, விரிப்புக்குள் அணைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார். குழந்தை போன பிறகு நாங்கள் போகாமல் என்ன செய்வது? கொட்டகையைத் திறந்தார். உள்ளே நீண்ட உத்தரம். அதில் வரிசையாக ஒன்பது தொட்டில்கள், காலியாக. கலாவின் ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, நெஞ்சில் தைலம் தடவி, இரண்டு சாரோங்கைச் சுற்றித் தொட்டிலில் போட்டார். அடுப்பு மூட்டிப் பால் கரைக்கத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிக்கும் முன்பே கலா தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன்.

"புள்ளதான் தூங்கிருச்சே, நீ எதுக்கும்மா அழுவுற?" என்று கேட்டு ஒரு கோப்பை தேநீரைக் கையில் வைத்தார். 'வாங்க' 'நீ' ஆனது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் போய்விட்டது" என்றார் மெதுவாக. "போகட்டும்" என்றேன்.

மழை விட்டதும் அஞ்சலை அக்காவின் அவரைப் பந்தலுக்கு வைத்திருந்த மூங்கில் கழிகளில் மூன்றை இரவல் வாங்கினோம். கொட்டகைக்குப் பக்கத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் கூடாரத்தை மறுபடி நிறுத்தினோம். மூன்று கழிகளையும் நுனியில் சேர்த்துக் கட்டி, காலை விரித்து, கூடாரத்துக்குள்ளேயே தனியாக நிற்க வைத்து அதில் தொட்டிலை மாட்டினார் வாத்தியார். கூடாரத்தின் கம்பை அது தொடவே இல்லை. லயத்திலிருந்து இரண்டு வீட்டுக் கம்பளிகள் வந்தன. யார் கொடுத்தது என்றுகூடத் தெரியாது. அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் தூங்கினோம். குழந்தையோடு பயணம் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகிற வழியில் தாய்மார்கள் பிள்ளைகளை விட வந்தார்கள். ஒருத்தி கூடாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னாடி, சர்க்கஸ் வந்துருக்கா?" என்றாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பனி கலைந்து தேயிலைமேல் வெயில் விழுந்த நேரத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கூடாரத்துக்குள் இருந்தன. ரவிதான் அங்கே துரை. கலாவும் கொட்டகைக் கூட்டத்தில் சேர்ந்து பொக்கைவாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணி வாக்கில் கைக்குழந்தைகள் எல்லாம் தூங்கின. பெரிய பிள்ளைகளை என் வீட்டுக்காரர் புல்தரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அஞ்சலை அக்கா கூடாரத்தின் வாசலில் வந்து நின்றார். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "நான் ஒரு தரம் உள்ள படுத்துப் பாக்கட்டுமா? சிரிக்காத" என்றார்.

"படுங்கக்கா. தொட்டில நான் பாத்துக்கிறேன்."

"ஒரு அஞ்சு நிமிசந்தான்."

அந்த ஐந்து நிமிடம் பத்து மணி தாண்டியும் முடியவில்லை. நான் ஒன்பது தொட்டிலுக்கும் நடுவே நடந்து நடந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று சிணுங்கும். தோள்பட்டை விட்டுப்போயிற்று. பால் கொடுக்கும் நேரத்துக்குத் தாய்மார்கள் மலையிலிருந்து வந்தார்கள். கொட்டகையில் ஈப்போக்காரி நிற்பதைப் பார்த்துத் திகைத்து, "ஆயா எங்க?" என்று கேட்டார்கள். நான் உதட்டில் விரலை வைத்துக் கூடாரத்தைக் காட்டினேன். வாசலுக்கு வெளியே வெடித்த பாதங்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளிருந்து குறட்டை.

யாரும் எழுப்பவில்லை. பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி சன்னமான குரலில் சொன்னாள்: "எங்க எல்லாப் புள்ளைங்களயும் தூங்க வச்சது அவுங்கதான். அவுங்க தூங்கி நான் பாத்ததே இல்ல."

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் இறங்கினோம். ஒரு ராத்திரி தாங்க மாட்டாள் என்ற இடத்தில் இரண்டு ராத்திரி. வீட்டில் மாமியார் கலாவின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், மூக்கைத் தொட்டுப் பார்த்தார், சளி இல்லை. "அடுத்த லீவுக்கு எங்க?" என்று கேட்டார். இந்தத் தடவை அடுப்பிடம் இல்லை, என்னிடமே. அதன் பிறகு பிள்ளைகள் வளரும்வரை நான்கு முறை அதே மேட்டுக்குப் போனோம்.

இனி, கேட்ட தங்கைக்கு. மாற்றுத் துணியைப் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடிக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்குள் கூடாரத்தை மேட்டில் நிறுத்திவிடுங்கள். குழந்தை வீட்டில் எதில் தூங்குகிறதோ அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். தொட்டிலைக் கூடாரத்தில் கட்டாதீர்கள், மூன்று கழியில் கட்டுங்கள். கூடாரம் வாங்கும்போது உங்கள் குடும்பத்துக்கு வேண்டியதைவிட ஓர் ஆள் கூடுதலாகப் படுக்கிற அளவில் வாங்குங்கள். நான்கு முறையும் நாங்கள் கூடாரத்தை நிறுத்தியதும் அதில் முதலில் படுத்தவர் அஞ்சலை அக்காதான். நான் கொட்டகைக்குப் போய்த் தொட்டில் ஆட்டினேன்.