நமத்த பிஸ்கட்டுக்கு ஓர் ஆர்டர்

பிஸ்கட்காரம்மா என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். மொறுமொறுவென்று சுடுவாள். ஆனால் கையால் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் அந்த மொறுமொறுப்பு ஒரு வாரம் தாங்காது, நமத்துவிடும். கடைக்காரர்கள் பாதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கி வருவாள். அதைத் தின்று தீர்ப்பது மாமனார் வேலை. அவருக்குப் பல் ஒன்றுகூடக் கிடையாது.

போன வருடம் சிறுதொழில் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அரசு மானியத்தில் பாக்கெட் ஒட்டும் மெஷின் வாங்கினாள். பிஸ்கட் மூன்று மாதம் கெடாது என்று பரிசோதித்து, இலவசமாகச் சான்றிதழும் கொடுத்தார்கள். இப்போது கடைகளில் அவள் பாக்கெட் பெரிய கம்பெனிக்காரனுடையதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை.

பிஸ்கட் திரும்பி வருவது நின்றதும், மாமனார் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, என் பிஸ்கட் எங்க?"

"எல்லாம் வித்துப்போச்சு மாமா. புது பாக்கெட் தரவா?"

"அத வெச்சு நான் ஆணியா அடிக்கிறது?"

"டீயில முக்கிச் சாப்பிடுங்களேன்."

"கூழாயிடும். நமத்ததுதான் பதம். கவர்மென்ட் என் வாயில மண்ணள்ளிப் போட்டுடுச்சு."

அடுத்த மாதம் சிறுதொழில் அலுவலக அதிகாரி மெஷினைப் பார்க்க வந்தார். எல்லாம் திருப்திதான். ஜன்னலோரம் ஒரு பாக்கெட் மட்டும் வாய் திறந்து கிடந்தது.

"இத ஒட்ட மறந்துட்டீங்களாம்மா?"

"இல்ல சார், அது எங்க மாமாவோட ஆர்டர். ரெடியாக இன்னும் நாலு நாள் ஆகும்."