லிபோவ்கா 31ஆம் எண் வீடு

“பாலம் வழுக்கும். மெல்ல வாங்கோ அங்கிள்” என்று தமிழிலேயே சொல்லி, கம்பளம் விரித்த நடைக்கூடத்தில் யோசெப்பின் முழங்கையைப் பிடிக்கிறான் சுகிர்தன். கிரெய்கிபர்ன் புறநகரில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் காலை பத்து மணிக்குத் தினமும் இது நடக்கும்.

யோசெப்புக்கு எண்பத்தொன்பது வயது. மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தைத் துடைத்துவிட்டது. மிஞ்சியவை ஸ்லோவாக் மொழியும் வீட்டுக்குப் போகும் தவிப்பும்தான். போன குளிர்காலத்தில் வெறுங்காலோடு பெட்ரோல் நிலையம்வரை போய்விட்டார். அவரைப் பூட்டிய பகுதிக்கு மாற்ற முடிவானது. சுகிர்தன் இரண்டு வாரத் தவணை கேட்டான்.

“வீட்டுக்குப் போற மனுசனை மறிச்சா அடிக்கத்தானே வருவார்? எந்த வீடெண்டு பாப்பம் அக்கா.”

பார்த்தான். கோப்பில் இருந்த பிறந்த ஊர் லிபோவ்கா, மலையிடுக்கில் இருநூற்றுப் பதினெட்டுப் பேர் வாழும் ஊர். 1382இல் முதல்முறையாக ஏட்டில் ஏறிய பெயர். ஊரின் இணையப் பக்கத்தைக் கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்க, வேலைக்கு வரும் ரயிலில் வரி விடாமல் படித்தான். பணிப்பட்டியலின் பின்பக்கத்தில் எங்கள் இல்லத்தையே அந்த ஊராக்கி வரைபடம் போட்டான். சமையலறைப் பக்கம் ஓடை, சலவை அறையில் மரத்தாலான தேவாலயம், லிஃப்ட் இருக்குமிடம் மாவு ஆலை. முதல் நாள் ஓடையின் பெயரை அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னதும், வாசல் கதவை உலுக்கிக்கொண்டிருந்த யோசெப் கையை எடுத்தார். பூட்டிய பகுதிப் பேச்சும் அதோடு நின்றது.

லிஃப்டின் முன்னால் யோசெப் எப்போதும் தொப்பியைக் கழற்றுவார். போன மாதம் கூடவே நடந்த மகள் எலேனா, “இங்கே மட்டும் ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சுகிர்தன் தயங்கித்தான் சொன்னான். 1944இல் படையினர் ஆலைச் சுவரோரம் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊரின் இணையப் பக்கத்தில் அவர்களுடைய பெயர்கள் உண்டு. ஏழாவது பெயர் மாரெக், வயது பதினாறு. கூடவே இருப்பது எலேனாவின் குடும்பப் பெயர்தான். வீட்டு எண் 31, யோசெப் தினமும் எண் சொல்லித் தேடும் வீடு.

தந்தைக்கு ஓர் அண்ணன் இருந்ததே எலேனாவுக்குத் தெரியாது. சிட்னிக்குக்கூட இன்னும் போயிராத இவன் அவளுக்கு ஒரு பெரியப்பாவைத் தேடிக் கொடுத்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லாமல் எத்தனை மாதம் வைத்திருந்தான்!

“அது அவையின்ர வீட்டு விசயமெல்லோ அக்கா” என்றான் பிறகு.

அன்று மூவரும், வரைபடத்தில் 31ஆம் எண் வீடான யோசெப்பின் அறையை அடைந்தார்கள். லிபோவ்காவில் அந்த வீட்டின் வாசல் நிலை தாழ்வாக இருந்திருக்க வேண்டும். யோசெப் எக்கி, சுகிர்தனின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். ஆறடி உயரமானவன், எட்டடிக் கதவுக்குள் முதுகை வளைத்து நுழைந்தான். பின்னால் எலேனாவும் குனிந்தாள்.