பதினைந்து இன்ச் ஜோடி

பாளையங்கோட்டையில் இன்று ஸ்பீக்கர் வாங்கப் போனேன். சின்ன மண்டபங்களில் டிஜே போடுகிறவன் நான். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஜோடி ஒன்று வேண்டும்.

எனக்கு முன்னால் முக்கூடல் பக்கத்துக்காரர் ஒருவர் நின்றார். மகள் சடங்குக்காம்.

"எத்தன பேரு வருவாவ அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"நூறு பேரு வருவாவ. ஆனா சத்தம் தெக்குத் தெரு வரைக்கும் போணும்."

"அங்கன சொந்தக்காரங்க இருக்காவளா?"

"இல்ல வே. போன மாசம் கோயில் கொடைக்கு அவனுவ ஸ்பீக்கர எங்க தெருவப் பாத்துத் திருப்பி வச்சானுவ. கேக்கப் போன எந்தம்பி மண்டைய ஒடச்சிட்டானுவ. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கான்."

கடைக்காரர் முகம் மாறவேயில்லை. பதினைந்து இன்ச் ஜோடியைத் தட்டிக் காட்டினார்.

"அவங்களுக்கும் நாந்தான் குடுத்தேன். அது பன்னெண்டு இன்ச். இது அத அமுக்கிரும்."

முக்கூடல்காரர் திருப்தியாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளைக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு எந்தத் தெருவுக்குக் கேக்கணும்?"

வாங்காமல் வந்துவிட்டேன். மண்டபத்துக்குள் மட்டும் கேட்கிற ஸ்பீக்கர் விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.