ஸக்கரியா தவறவிட்ட பிறை

மாத்தளை நகரில் கைக்கடிகாரம் பழுது பார்த்துவந்த ஸக்கரியாவுக்குக் கண் ரொம்பக் கூர்மை. தலைப்பிறை பார்க்கும் நாளில் பள்ளிவாசல்காரர்கள் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவர் கண்டேன் என்றால் கொழும்புக்குச் சேதி போகும். வானொலியில் பெருநாள் அறிவிப்பார்கள். ஊரே அவர் கண்ணை நம்பித்தான் உலை வைத்தது.

அந்தக் கண்ணுக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டில் ஒரு பைத்தியம் பிடித்தது. வெகு உயரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அறிய, விஞ்ஞானிகள் ஒரு பெரிய பலூனை ராக்கெட்டில் ஏற்றிப் பூமியைச் சுற்றவிட்டிருந்தார்கள். அந்தி வானத்தில் அது நட்சத்திரம் போல நகரும். எந்த நட்சத்திரத்தை எப்போது கடக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கண்டியில் ஒரு குழு ஆள் தேடியது. சும்மா இருப்பாரா மனிதர்? வானொலி மணிக்குக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து நின்றார்.

"என்ன, சக்களத்தி வந்துட்டாளா?" என்று மனைவி நாச்சியா கேலி செய்வாள்.

அடுத்த நோன்பு மாதத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரே மகள் பீபி காட்டுக்கு அப்பால் பல்லேகமவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கிருந்து விடியக்காலையில் ஒரே பஸ். பெருநாளன்று அதில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். நாச்சியா அவ்வளவு சீக்கிரம் போய்விடுவாள் என்று யார் நினைத்தார்கள்?

"பெருநாள் எப்பங்க? புள்ள முகத்தப் பார்க்கணும்." அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் எல்லாரும் பள்ளிவாசல் முற்றத்தில் மேற்கே பார்த்து நின்றார்கள். மலைக்கு மேல் அடர்ந்த மேகம். கிழக்கு வானமோ துப்புரவாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பலூன் வரும் வேளையும் ஆயிற்று. ஒரு நிமிடம்தானே என்று ஸக்கரியா திரும்பினார்.

"அந்தா போகுது!" என்று கையை நீட்டினார். பாவிகள், மொத்தக் கூட்டமும் அவரோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

நேரத்தைக் குறித்துக்கொண்டு அவர் மறுபடி மேற்கே பார்த்தபோது, மேகத்தில் அதற்குள் விழுந்திருந்த இடைவெளி மூடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, ஸக்கரியா நானா?" என்று கேட்டார் பள்ளிவாசல் லெப்பை சாலிஹ்.

"இல்ல."

காணாததைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது? வேறெங்கும் பிறை தெரியவில்லை என்றது வானொலி. பெருநாளை ஒரு நாள் தள்ளி, நோன்பை முப்பதாக்கினார்கள்.

"இன்னும் ஒரு நாளா?" என்று மட்டும் கேட்டாள் நாச்சியா.

மறுநாள் காலை பல்லேகம பஸ் வந்தது. அதில் பீபி இல்லை. லுஹர் நடுப்பகல் தொழுகை தாண்டி நாச்சியா வாசலைப் பார்த்தபடியே மவுத்தானாள். தந்தி அடித்தார்கள். காட்டுப் பாதையில் அது எப்போது போய்ச் சேரும்? மையித்தை வைத்திருக்கக் கூடாதென்று மஃரிப் அந்தித் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் பிறை நன்றாக உயர்ந்து நின்றது.

"இது நேத்தே தெரிஞ்சிருக்கணுமே," என்று யாரோ சொன்னார்கள். ஸக்கரியா குனிந்த தலை நிமிரவில்லை.

பெருநாள் காலையில் பீபி புதுச்சேலையும் கையில் வட்டிலப்ப இனிப்புமாக வந்து இறங்கினாள். தந்தி அவளுக்குக் கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே விழுந்து கதறினாள்.

"ஒரு நாள், வாப்பா! பெருநாள் ஒரு நாள் முந்தி வந்திருந்தா உம்மாவப் பார்த்திருப்பேனே!"

அல்லாஹ்வின் நாட்டம் என்று அவர் சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஸக்கரியாவால் முடியவில்லை.

"நேத்துத்தான், மகள், பெருநாள்," என்றார். "நான் வேற பக்கம் பார்த்துட்டேன்."